பதினாலாம் நிமிஷத்து மலை

வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. காலை நீட்டுகிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள்; கொட்டாவி பாக்கி இருந்தால் இப்போதே விட்டு முடித்துவிடுங்கள். ஒரு செடியின் கதை வைத்திருக்கிறேன். செடிதானே, வாயில்லாப் பூச்சிதானே என்று நினைத்துவிடாதீர்கள். படித்துப் பட்டம் வாங்கிய ஒரு பெண்பிள்ளையை இருபத்தாறு வருஷம் ஏய்த்த செடி இது. ஏய்த்தது செடிதானா, கூட வேறு கூட்டாளிகள் உண்டா என்பதை நான் சொல்லச் சொல்ல நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள்.

அவள் வேதியியல் ஆராய்ச்சிக்காரி. ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் வைத்த பெயர் "கசப்பு டாக்டர்". முகம் என்னவோ சிரித்த முகம்தான். பெயர் வந்தது இப்படி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் காட்டிலிருந்து நாற்பது கிலோ இலை கொண்டுவந்தாள். காயவைத்தாள், இடித்தாள், சாராயத்தில் ஊறவைத்தாள், வடித்தாள், வற்றவைத்தாள், திரும்ப வடித்தாள். எட்டு மாசம் கழித்து, கண்ணாடிக் குப்பியின் அடியில் கடுகளவு வெள்ளைப் பொடி மிஞ்சியது. "ஆய்வுக்கூடத்தில் எதையும் வாயில் வைக்காதே" என்று சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். அதை எழுதி ஒட்டியவள் அவள். ஒரு துணுக்கு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தவளும் அவள். மூன்று நாள் பச்சைத் தண்ணீர்கூடக் கசந்தது. நாலாம் நாள் பெயர் நிலைத்துவிட்டது.

ஆனால் அந்தப் பொடி லேசுப்பட்டதில்லை. கண்ணாடித் தட்டில் நெளிந்துகொண்டிருந்த வயிற்றுப் புழுக்கள்மேல் அதைக் கரைத்து ஒரு சொட்டு விட்டால், ஆணி அடித்த மாதிரி நின்றுவிடும். வேறு யாராவது என்றால் அதோடு காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவளுக்கோ தலைக்குள் வேறு பூச்சி. "சரி, இந்தச் செடி இதை எப்படிச் சமைக்கிறது?"

ஆமாம், சமையல்தான். இலைக்குள்ளே ஒரு சமையற்கட்டு இருக்கிறது. காற்றும் தண்ணீரும் உள்ளே போய்ச் சர்க்கரையாகி, கடைசியில் கசப்பாக வெளியே வருகிறது. நடுவில் ஏழு சமையல்காரர்கள். படித்தவர்கள் அவர்களை என்சைம் என்பார்கள். ஒருவருக்கு ஒரு வேலைதான் தெரியும். நறுக்குகிறவர் நறுக்குவார், ஒட்டுகிறவர் ஒட்டுவார், "என் வேலை முடிந்தது" என்று அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவார். அவர்களைப் பிடிக்க இவள் என்ன செய்தாள் தெரியுமா? செடியைத் தொட்டியோடு ஒரு கண்ணாடிக் கூண்டில் வைத்து, அடையாளம் வைத்த கரியமிலவாயுவை மூச்சிழுக்கவிட்டாள். பிறகு அந்த அடையாளம் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்று துரத்தினாள். ஒரு சமையல்காரரைப் பிடிக்க மூன்று வருஷம், இன்னொருவருக்கு ஐந்து வருஷம். ஆறு பேர் அகப்பட்டார்கள். ஏழாமவர் மட்டும் கண்ணாமூச்சி ஆடினார்.

கசப்பு இருக்கிறதா இல்லையா என்று சொல்ல ஒரு மெஷின். இலைச்சாற்றை ஊசியால் ஒரு பக்கம் செலுத்தினால் மறுபக்கம் திரையில் ஒரு கோடு ஓடும். சாற்றில் ஒவ்வொரு பொருள் வரும்போதும் கோடு எழும்பி ஒரு மலை போடும். நம்ம கசப்புக்கு உரியது பதினாலாம் நிமிஷத்து மலை. பதிமூன்று நிமிஷம் ஆனதும் அவள் கை தானாகச் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொள்ளும். பதினாலாவதில் மலை எழும்பியதும் விட்டுவிடும். இருபத்தாறு வருஷத்தில் எத்தனை தலைப்புகள் கசங்கின என்று அவளுடைய அக்காவைக் கேட்டால் தெரியும்.

அக்கா யார் என்று சொல்லவில்லையே. இவளுக்கு மூத்தவள், கணவர் போன பிறகு, தங்கை வேலைக்குச் சேர்ந்த வருஷமே அவளோடு வந்து சேர்ந்தவள். முப்பது வருஷம் டெலிபோன் நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை. ஊர்ப் பேச்செல்லாம் காது வழியே போய்விட்டதே, நாம் பேச முடியவில்லையே என்ற ஏக்கத்தை ஓய்வு நாட்களிலும், ஓய்வு பெற்ற பின் தினமும் தீர்த்துக்கொண்டாள். அந்த நாட்களில் பன்னிரண்டு அடிக்குமுன்பே தங்கைக்குச் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பிவிடுவாள். தங்கை ஒரு கண்ணைத் திரையிலும் ஒரு கையை டப்பாவிலும் வைத்துத் தின்று முடிக்க, அக்கா பின்பக்கம் பசுமைக்குடிலுக்குப் போய்விடுவாள். அங்கே தோட்டக்காரர் இருப்பார். அவருக்குக் கேட்கப் பிடிக்கும், இவளுக்குச் சொல்லப் பிடிக்கும். ஜாடிக்கேற்ற மூடி.

இப்படி ஓடிக்கொண்டிருந்த தேரின் சக்கரத்தில் ஒரு கடிதம் வந்து மாட்டியது.

வேறொரு தேசத்து ஆய்வுக்கூடம் இவளிடம் விதை வாங்கிப் பயிரிட்டிருந்தது. "உங்கள் செடி செழிப்பாக வளர்கிறது. ஆனால் நீங்கள் சொல்கிற பொருள் அதில் இல்லவே இல்லை" என்று எழுதியிருந்தார்கள். ஒரு நகல் இயக்குநருக்கும் போயிருந்தது. இயக்குநர் ஒரு அம்மாள். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துப் பேசுவார். அந்த அறைக்குள் இவள் நுழைந்தபோது ஏற்கெனவே ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அவர்தான் கையுறைக்காரர். பொருள்களின் தூய்மையைச் சோதிக்கிற வேதியியல்காரர். கதவுக் கைப்பிடியைக்கூடக் கையுறை போட்டுத்தான் தொடுவார். டீ குடிக்கும்போது மட்டும் கழற்றுவாராம், பார்த்தவர் இல்லை.

"மேடம், காட்டு இலையில அந்தப் பொருள் இருந்துச்சு, அதை நான் மறுக்கலை" என்றார். "ஆனா நீங்க தொட்டியில வளர்க்கிற செடியில அது எப்பவுமே இருந்ததில்லைன்னு நினைக்கிறேன். உங்க பழைய பொடி மெஷின் குழாய்ல ஒட்டிக்கிட்டு இருக்கு. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா கழண்டு வருது. நீங்க அதை மலைன்னு கும்பிட்டுக்கிட்டு இருக்கீங்க."

"இருபத்தாறு வருஷமாவா?"

"அழுக்குக்கு வயசு தெரியாது மேடம்."

அவர் சொன்னது மட்டும் நிஜமானால் ஆறு சமையல்காரர்களும் பொய், அவள் எழுதிய கட்டுரைகள் பொய். கட்டுரையைத் திரும்பப் பெறுவது என்று ஒன்று உண்டு. அச்சில் வந்ததன்மேல் பெரிய எழுத்தில் "இது செல்லாது" என்று குறுக்கே போடுவார்கள். ஓய்வுபெற ஒன்றரை வருஷம் இருந்தது. வாழ்நாள் வேலைக்குக் குறுக்கே ஒரு கோடு. அதுதான் அவள் தலைமேல் தொங்கியது.

இயக்குநர் தீர்ப்புச் சொன்னார். கண்ணாடிச் சுவர் போட்ட மூடிய அறையில், கையுறைக்காரரே விதை போட்டு, அவரே தண்ணீர் ஊற்றி, புதிய மெஷினில் அவரே சோதிப்பது. மலை வந்தால் கட்டுரை பிழைக்கும், வராவிட்டால் வாபஸ்.

கையுறைக்காரர் அறுபது தொட்டி வளர்த்தார். குறை சொல்லக் கூடாது, பிள்ளை வளர்க்கிற மாதிரி வளர்த்தார். வடிகட்டிய காற்று, அளந்த வெளிச்சம், கொசுகூட எட்டிப் பார்க்க முடியாது. இலைகள் எண்ணெய் தடவின மாதிரி பளபளத்தன. முப்பது தொட்டி இலையைப் பறித்த கையோடு திரவ நைட்ரஜனில் உறையவைத்து, உரலில் அரைத்து, சாறெடுத்துச் செலுத்தினார். இவள் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். பதிமூன்று. பதினாலு. பதினைந்து.

கோடு இஸ்திரி போட்ட துணி மாதிரி போனது. முப்பது தடவையும்.

"பத்து நாள் தர்றேன்" என்றார் இயக்குநர், முகத்தைப் பார்க்காமல். "ஏதாவது சொல்லணும்னா வந்து சொல்லுங்க. இல்லேன்னா வாபஸ் கடிதத்துல கையெழுத்துப் போட்டுடலாம்."

அவள் நேராகப் பசுமைக்குடிலுக்குப் போனாள். முன்வரிசையில் கைக்கு அகப்பட்ட தொட்டியைத் தானே எடுத்தாள், தானே அரைத்தாள், பழைய மெஷினில் செலுத்தினாள். தட்டை. அடுத்த தொட்டி. அதுவும் தட்டை. அன்று சாப்பாட்டு டப்பா திறக்காமலே திரும்பிப் போனது.

"என்னடி, ரெண்டு கவளம்கூட இறங்கலையா?" என்றாள் அக்கா.

"கையுறைக்காரர் சொன்னதுதான் சரி போலிருக்கு அக்கா. நான் இத்தனை வருஷம் குழாய் அழுக்கைத்தான் அளந்திருக்கேன்."

"அந்த ஆளு சோப்பையே சோப்பு போட்டுக் கழுவுவான். அவன் பேச்சையெல்லாமா கேக்கறது?"

மறுநாள் காலை, அவள் முகத்தைப் பார்த்து மனசு கேட்காமல், தோட்டக்காரர் வழக்கம்போல இரண்டு தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். "எதுக்கும் ஒரு தடவை பாருங்க டாக்டரம்மா."

வேண்டாவெறுப்பாக அரைத்தாள். அதே மெஷின், அதே குழாய், அதே சாராயம். பதினாலாம் நிமிஷத்தில் கோடு எழும்பி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு மலை நின்றது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அழுக்காக இருந்தால் நேற்றும் வந்திருக்க வேண்டும் அல்லவா? நேற்று தொட்டியை எடுத்தது அவள். இன்று எடுத்தது தோட்டக்காரர். வித்தியாசம் அது ஒன்றுதான். இருபத்தாறு வருஷத்துக் குறிப்பேடுகள் அலமாரி நிறைய இருந்தன. வெப்பம் எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு, எத்தனை மணிக்குப் பறித்தது, எல்லாம் இருந்தது. எந்தத் தொட்டியை, யார், ஏன் எடுத்தார்கள் என்று ஒரு வரி இல்லை. "வழக்கம்போல ரெண்டு தொட்டி அனுப்புங்க அண்ணே" என்பாள், வரும். அதற்குமேல் அவள் கேட்டதே இல்லை.

பன்னிரண்டரைக்குப் பசுமைக்குடிலுக்குப் போனாள். அக்காவும் தோட்டக்காரரும் பின்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணே, அரைக்கிறதுக்குத் தொட்டி அனுப்பறீங்களே, எப்படிப் பார்த்து எடுப்பீங்க?"

தோட்டக்காரர் எழுந்து நின்றார். "எப்படின்னா... நல்லதாத்தான்..."

"அண்ணே, என் பொழப்பே இதுல தொங்குது. உள்ளதைச் சொல்லுங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "கோவிச்சுக்காதீங்க. நல்லா வளர்ந்த செடியை உரல்ல போட்டு அரைக்க மனசு வரலை. அதுங்களை முன்னாடி வச்சுடுவேன், வர்றவங்க போறவங்க பார்க்கட்டும்னு. இலை கொஞ்சம் கிழிஞ்சது, கந்தலானது, அதைத்தான் உங்களுக்கு அனுப்புவேன். எப்படியும் கூழாகப் போறதுதானே?"

"கந்தலா எப்படி ஆகுது? வலை போட்டிருக்கு, பூச்சி வராது, ஆடு மாடு வராது."

தோட்டக்காரரின் கண் மெள்ளப் பக்கத்தில் திரும்பியது. அக்கா அந்தக் கண்ணைக் கவனிக்கவில்லை. அவள் நாலாம் வீட்டுக்காரி இரவல் வாங்கிப் போன குடையைப் பற்றிய பாதிக் கதையில் இருந்தாள். "...குடையைக் கேட்டா, எந்தக் குடைங்கறா!" என்றபோது பெருவிரல் நகமும் சுட்டுவிரல் நகமும் சேர்ந்து பக்கத்துச் செடியின் இலையை நறுக்கென்று ஒரு கிள்ளு. "மூணு வருஷமாச்சு!" இன்னொரு கிள்ளு. காலடியில் பச்சைத் துணுக்குகள் உதிர்ந்து கிடந்தன.

"அக்கா!"

அக்கா துள்ளிவிட்டாள். "என்னடி, பாம்பா?"

"உன் கை!"

அக்கா தன் கையைப் பார்த்தாள். வேறு யாருடைய கையோ மடியில் வந்து விழுந்த மாதிரி பார்த்தாள். "நானா? எப்ப?"

"தினமும்தான்" என்றார் தோட்டக்காரர், வெட்கத்தோடு.

"ஏன் அண்ணே சொல்லலை?"

"சொன்னா அக்கா பெஞ்சை மாத்திப் போட்டுக்கிட்டு உட்காருவாங்க. அப்புறம் பேச்சு சூடு பிடிக்காது. ரெண்டு இலைக்கு ஆசைப்பட்டு ஒரு கதையை விடமுடியுமா டாக்டரம்மா?"

கசப்பு டாக்டருக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஆனால் தலைக்குள் ஒவ்வொன்றாய்ப் பொருந்திக்கொண்டு வந்தது. காட்டில் பூச்சியும் புழுவும் செடியைக் கடிக்கின்றன. கடிபட்ட செடி, "இரு, உன் வாயைக் கசக்கவைக்கிறேன்" என்று ரோஷப்பட்டுக் கசப்பைச் சமைக்கிறது. யாரும் தொடாத செடிக்கு எதற்கு ரோஷம்? சும்மா இருக்கும். அப்படியானால் உரலில் அரைபடுவது வலிக்காதா என்று கேட்பீர்கள். அதற்குமுன்பே உறைந்து கல்லாகிவிடுகிறதே, கோபப்பட நேரம் ஏது? இந்தக் கோபம் உள்ளே ஊறி வர இரண்டு மூன்று நாள் ஆகும். மனுஷர்களில் சிலருக்கு ஆகிற மாதிரி.

அக்காவுக்கு விஷயம் விளங்கியதும் முந்தானையை இழுத்துச் செருகினாள். "அவ்வளவுதானே? அந்தக் கண்ணாடி ரூம்ல முப்பது தொட்டி மிச்சம் இருக்குன்னியே. என்னை அஞ்சு நிமிஷம் உள்ளே விடு. வெளியே தெரியாம அடிப்பக்க இலையாப் பார்த்து முடிச்சுடறேன். மூணு நாள் கழிச்சுத் திரும்ப சோதிங்கன்னு சொல்லு. மலை வந்துடும், அவன் மூக்கு உடையும், நீ தலைநிமிர்ந்து ஓய்வு வாங்கிக்கலாம்."

"தண்ணிக் குழாய் பார்க்கறதுக்கு என்கிட்ட ஒரு சாவி இருக்கு" என்றார் தோட்டக்காரர், வானத்தைப் பார்த்துக்கொண்டு. அது எப்படியோ கசப்பு டாக்டரின் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தது.

கண்ணுகளா, அவள் ஒன்றும் வானத்திலிருந்து குதித்தவள் இல்லை. சாவியை மூடிப் பிடித்துக்கொண்டு கண்ணாடி அறை வாசலில் ஒரு கால்மணி நேரம் நின்றாள். உள்ளே போனால் யாருக்கும் தெரியாது. போகாமல் உண்மையைச் சொன்னால்? ஒவ்வொரு கட்டுரையிலும் அவள் கைப்பட எழுதிய ஒரு வரி உண்டு: "சேதமில்லாத, ஆரோக்கியமான இலைகள் எடுக்கப்பட்டன." அது பொய் என்று தானே சொல்ல வேண்டும். என் அக்கா வம்பு பேசிக்கொண்டு கிள்ளிய கந்தல் இலைகள் என்று, மூக்கு நுனிக் கண்ணாடிக்கு எதிரே, கையுறைக்காரர் காதுபட.

ஆனால் திருட்டுத்தனமாக மலை வந்தால் அந்த வேறு தேசத்துக்காரர்களுக்கு மட்டும் எப்படி வரும்? அவர்கள் வீட்டில் இந்த அக்கா இல்லையே. மெய்யான மலை மறுபடியும் பொய்யாகிப் போகும். அதோடு இன்னொரு எண்ணமும் வந்தது, அதுதான் அவளை இழுத்தது. கிள்ளினால்தான் சமையல் நடக்கிறது என்றால், கிள்ளாத செடியில் தூங்குகிறவர் யார், கிள்ளியதும் எழுந்திருப்பவர் யார்? ஏழாமவர் அங்கேதான் ஒளிந்திருக்கிறார்!

சாவியைத் தோட்டக்காரரிடமே கொடுத்துவிட்டு இயக்குநர் அறைக்குப் போனாள். கையுறைக்காரரும் அங்கே இருக்கும்போதே ஒன்றுவிடாமல் சொன்னாள். இயக்குநரின் கண்ணாடி மூக்கு நுனியைத் தாண்டிக் கீழே விழுந்தது.

"கிள்ளணுமா?"

"கிள்ளணும் மேடம். மிச்சம் இருக்கிற முப்பதுல பதினஞ்சை. சீட்டுப் போட்டு நம்பர் எடுங்க. மீதிப் பதினஞ்சை யாரும் தொடக் கூடாது."

"நல்லா இருக்கு" என்றார் கையுறைக்காரர். "நாப்பது லட்சத்து மெஷினுக்கு முன்னாடி நகத்தால கிள்ளற விஞ்ஞானம். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன், இப்பதான் நேர்ல பார்க்கப் போறேன். கிள்ளினா வெறும் காயம்தான் மேடம் வரும். மலை வராது."

மறுநாள் அக்காவுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி, தலைக்கு உறை போட்டு, வாய்க்குக் கவசம் கட்டி, கண்ணாடி அறைக்குள் விட்டார்கள். "பேசக் கூடாது" என்றார் கையுறைக்காரர். அக்கா முதல் தொட்டிக்கு எதிரே நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். விரல் அசையவில்லை.

"என்னம்மா?" என்றார் இயக்குநர்.

அக்கா கவசத்தை இறக்கினாள். "வாயைக் கட்டிட்டு எப்படிங்க கிள்ளறது? யாராவது ஏதாவது பேசுங்க. நல்ல விஷயமா வேண்டாம்."

கையுறைக்காரர் பட்டியலைப் புரட்டினார். பிறகு, யாரும் எதிர்பார்க்காமல், இயக்குநர் தொண்டையைக் கனைத்தார். "என் மருமகள்..." என்று ஆரம்பித்தார்.

"சொல்லுங்க, சொல்லுங்க" என்றாள் அக்கா, ஒரு நறுக்.

"நான் துவைச்சு மடிச்சு வச்ச துணியை எடுத்து மறுபடி துவைக்கிறா."

"உங்க கண்ணு முன்னாடியேவா?"

"கண்ணு முன்னாடியே!" இயக்குநரின் கையும் அறியாமல் பக்கத்து இலைக்குப் போனது. பதினைந்து தொட்டி முடிவதற்குள் அந்த வீட்டில் நடப்பது எல்லாமே வெளியே வந்துவிட்டது. கடைசி ஐந்து தொட்டியை இயக்குநர்தான் கிள்ளினார்; ஆசைதீரக் கிள்ளினார். கையுறைக்காரர் ஓரத்தில் பட்டியலைப் பிடித்துக்கொண்டு, வாந்தி வருகிற முகத்தோடு நின்றார்.

"தம்பி, நீங்களும் ஒண்ணு கிள்ளுங்களேன்" என்றாள் அக்கா. "யார் மேலயும் கோபமே இல்லையா?"

"அறையைப் பூட்டணும். எல்லாரும் வெளியே போங்க" என்றார் அவர்.

மூன்று நாள் கழிந்தது. இலையைப் பறித்து, தொட்டியின் எண் தெரியாமல் மறைத்து, முப்பது குப்பிகளாக வரிசை வைத்தார்கள். மலை ஒன்று எழும்பியது. கோடு தட்டையாகப் போனது. இரண்டு மலை, மூன்று. சாயங்காலம் எல்லாம் முடிந்து எண்களைத் திறந்து பார்த்தார்கள். கிள்ளிய பதினைந்திலும் மலை. அக்கா கை தட்ட எழுந்தாள்.

"பொறுங்க" என்றார் இயக்குநர். "மொத்தம் பதினாறு மலை இருக்கே."

பதினெட்டாம் எண். கிள்ளாத வரிசை. யாரும் தொடாத தொட்டி. சின்ன மலைதான், மற்றதில் பாதி உயரம். ஆனாலும் பதினாலாம் நிமிஷத்தில் நன்றாகவே நின்றது. கசப்பு டாக்டரின் கை தலைப்பை இறுகப் பிடித்தது. கிள்ளாமலே மலை வரும் என்றால் அவள் சொன்னது எப்படி நிற்கும்? மலைக்குக் காரணம் கிள்ளல் இல்லை, வேறு ஏதோ என்றாகிவிடுமே. அழுக்கு என்றுகூட ஆகிவிடலாம்.

"இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று இயக்குநர் அவளைக் கேட்டார்.

"எனக்குத் தெரியலை மேடம்" என்றாள். அதுதான் உண்மை. "இதுக்கு விளக்கம் இல்லாம நான் ஜெயிச்சதாச் சொல்லிக்க மாட்டேன். கடிதத்தைக் கொடுங்க, கையெழுத்துப் போடறேன்."

"அடியே!" என்றாள் அக்கா.

இயக்குநர் ஃபைலைத் திறந்தார். கடிதம் மேசைக்கு வந்தது. பேனா மூடி கழன்றது. அந்த நேரத்தில் ஓரத்திலிருந்து ஒரு சத்தம், சர்ர்ரென்று. எல்லோரும் திரும்பினார்கள். கையுறைக்காரர் வலக்கைக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். உள்ளே வெளுத்துச் சுருங்கி, ரொம்ப நேரம் தண்ணீரில் கிடந்த மாதிரி ஒரு கை.

"பதினெட்டு... அது நான்தான்" என்றார். காது சிவந்துவிட்டது.

"என்ன நீங்கதான்?"

"எல்லாரும் போனதும் பூட்ட நின்னேனா. இந்த அம்மா கேட்ட கேள்வி மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. என் மச்சான் ஞாபகத்துக்கு வந்துட்டான். என் அளவைக் கருவியை வாங்கிட்டுப் போய் ஊறுகாய் எடுக்கற கரண்டி மாதிரி உபயோகிச்சவன். கழட்டினேன், கிள்ளினேன். ஒரே ஒரு இலை மேடம்! எப்படியும் மலை வரப்போறதில்லை, ஒரு இலையால என்ன ஆயிடும்னு நினைச்சேன்."

 அவர் சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரியும்? இலையெல்லாம் கூழாகிவிட்டது. பேனா காகிதத்தைத் தொட இருந்தது. ஆனால் மனுஷர் ஆயுசு முழுக்க அழுக்கோடு சண்டை போட்டவர். தன் கையால் விழுந்த அழுக்கை மறைக்க அவரால் முடியவில்லை.

கசப்பு டாக்டர் பேனாவை மூடினாள். கண்ணில் தண்ணீர், அதற்கு நடுவில் மூளை ஓடத் தொடங்கிவிட்டது. "ஒரு இலைதானே கிள்ளினீங்க? ஆனா நாம அந்தச் செடியோட எல்லா இலையையும் சேர்த்துத்தானே அரைச்சோம்! ஒரு இலை மட்டும் கசந்திருந்தா மலை இவ்வளவு உசரம் வராது. ஒண்ணைக் கிள்ளினா மத்த இலைக்கெல்லாம் சேதி போகுது!"

"டெலிபோன் மாதிரி" என்றாள் அக்கா. "அதுசரி தம்பி, அந்த மச்சான் அப்புறம் கருவியைத் திருப்பிக் கொடுத்தானா, இல்லையா?"

வாபஸ் கடிதம் கிழிபட்டது. ஆனால் திருத்தக் கடிதம் ஒன்று எழுதத்தான் வேண்டியிருந்தது, அதுவும் லேசாக இல்லை. "சேதமில்லாத இலைகள் என்று இதுவரை எழுதியது தவறு. தொட்டிகளை யார், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று நான் ஒருபோதும் கேட்கவில்லை" என்ற வரியை அவள் பதினோரு தடவை அடித்து எழுதினாள். அச்சில் வந்த அன்று சில பழைய நண்பர்கள் வழியில் பார்த்துச் சிரித்தார்கள், சிலர் பார்க்காத மாதிரி போனார்கள். உறைக்காமல் இல்லை. உறைத்தது.

பத்திரிகைக்காரர்கள் திருப்பிக் கேட்டார்கள்: கிள்ளும் விசை எவ்வளவு? அக்காவிடம் கேட்டாள். "யாரைப் பத்திப் பேசறோம்கிறதைப் பொறுத்தது" என்றாள் அக்கா. அதை அப்படியே போட முடியாதே. கையுறைக்காரர் ஒரு வாரம் உட்கார்ந்து, எப்போதும் ஒரே அழுத்தத்தில் கிள்ளும் ஒரு சின்ன வில்கிடுக்கியைச் செய்து கொடுத்தார். இப்போதெல்லாம் அவரும் பன்னிரண்டரைக்குப் பின்வரிசைப் பெஞ்சுக்கு வந்துவிடுகிறார், மச்சான் கதையின் மிச்சத்தோடு. கிள்ளிய இலையையும் கிள்ளாத இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேடியதில், ஏழாவது சமையல்காரர் நாலே மாசத்தில் தூக்கக் கலக்கத்தோடு பிடிபட்டார்.

வேறு தேசத்து ஆய்வுக்கூடத்துக்கும் எழுதினாள். செய்முறை, கிடுக்கியின் படம், எல்லாம் வைத்து. ஒரு மாசத்தில் பதில் வந்தது. உள்ளே ஒரு நீளக் காகிதம். பதினாலாம் நிமிஷத்தில், வேறு மெஷின், வேறு மண், வேறு கை, அதே மலை. கீழே ஒரு குறிப்பு: "உங்கள் அக்கா தன் முறையைப் பற்றி எங்களுக்குத் தனியாக எழுதியிருந்தார். எங்கள் ஆய்வுக்கூடத்தில் யாரும் யாரோடும் அதிகம் பேசுவதில்லை. அதனால் பேசாமலே கிள்ளினோம். பரவாயில்லைதானே?"

கசப்பு டாக்டர் அதை வாசித்துக் காட்டினாள்.

"மலை வந்துச்சுல்ல, போகட்டும்" என்றாள் அக்கா. "ஆனா பாவம்டி அவங்க."

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்து போவதற்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் பேச்சுக்குப் பஞ்சம் வராதிருக்கட்டும். உங்கள் தப்பைச் சொல்ல உங்களுக்குத் தைரியமும், அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுச் சோறு போட ஒரு ஆளும் எப்போதும் இருக்கட்டும். கசப்பெல்லாம் மருந்தாகட்டும், உங்கள் குடி தழைக்கட்டும்.